திறந்த நீர் யாருக்குத் திறந்திருக்கிறது?

பங்குனியில் பாக் கடல் அடங்கும். வாடைக்காற்று ஓய்ந்து, தென்மேற்குக் காற்று எழுவதற்கு முன் கிடைக்கும் அந்தச் சில வாரங்களையே இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே நீந்திக் கடக்க விரும்புவோர் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார்கள். 1954, 1966, 1971, 1994, 2021, 2022 என்று பேசப்படும் சாதனைகள் எல்லாமே மார்ச், ஏப்ரல் மாதங்களில் நிகழ்ந்தவை. அரிச்சல்முனை மணலில் ஒருவர் தள்ளாடிக் கரையேறும் படம் வந்தவுடன் நம் சுவர்கள் வாழ்த்துகளால் நிறைகின்றன. அடுத்து ஒரு கோரிக்கையும் எழுகிறது. ராமேசுவரம் தீவில் ஆண்டுதோறும் பன்னாட்டுத் திறந்தநீர் நீச்சல் விழா நடத்த வேண்டும், 2025 மே மாதம் தியூவின் கோக்லா கடற்கரையில் நடந்த கேலோ இந்தியா கடற்கரை விளையாட்டுகளில் திறந்தநீர் நீச்சல் இடம்பெற்றதைப் போல இங்கும் வேண்டும், தீவுக்குச் சுற்றுலா வருமானம் பெருகும், தமிழ்நாட்டுக்கும் ஈழத்துக்கும் இடையே பண்பாட்டுப் பாலம் அமையும் என்கிறார்கள். இதைச் சொல்வோரில் நான் மதிக்கும் ஆய்வாளர்களும் உள்ளனர். ஆகவேதான் இந்த நீண்ட பதிவு.

நீச்சல்மீது எனக்குப் பகையில்லை. நெய்யாற்றங்கரையில் வளர்ந்த எவருக்கும் அது இருக்க முடியாது. எனக்கு முரண்பாடு அந்தச் சொல்லோடு. நான்கு சுவருக்குள் அடைபட்ட குளத்திலிருந்து வேறுபடுத்துவதற்காக விளையாட்டுத் துறை ‘திறந்த நீர்’ என்று ஒரு கலைச்சொல்லை உருவாக்கியது. குளத்துக்குச் சுவர் உண்டு, கடலுக்குச் சுவர் இல்லை என்பதே அதன் பொருள். இந்தச் சொல்லை உலகின் எந்தக் கடலுக்கும் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம் என்று எண்ணுவோர் ஒருமுறை பாக் விரிகுடாவைப் பார்க்க வேண்டும். தெற்காசியாவில் இவ்வளவு கோடுகள் கிழிக்கப்பட்ட, இவ்வளவு காவல் போடப்பட்ட, இவ்வளவு பேர் கைதான நீர்ப்பரப்பு அரிது. அங்கே நின்று ‘திறந்த நீர்’ என்று எழுதிய பதாகையைக் கட்டுவது, அந்நீரின் வரலாற்றை ஒரே சொல்லால் துடைத்தழிக்கும் செயல்.

முதலில் வரலாறு. இந்தியப் பொது அறிவு நூல்களைப் பொறுத்தவரை பாக் நீரிணை நீச்சல் என்றால் மிஹிர் சென். வழக்கறிஞர். 1958-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த முதல் இந்தியர். 1966 ஏப்ரல் 5, 6 நாள்களில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை 25 மணி 36 நிமிடத்தில் நீந்தினார். இந்தியக் கடற்படைக் கப்பல்கள் உடன் வந்தன. அதே ஆண்டில் ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ், பனாமா கால்வாய் என்று அவர் தொடர்ந்தது பெருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை.

ஆனால் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், 1954 மார்ச்சில், முருகுப்பிள்ளை நவரத்தினசாமி வல்வெட்டித்துறைக் கரையில் இறங்கிச் சுமார் 27 மணி நேரம் நீந்திக் கோடிக்கரையில் ஏறினார். பாதையை வரைபடத்தில் பாருங்கள். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட பகுதி ஆதாம் பாலத்தின் மணல்திட்டுகளை ஒட்டியது. புவியியல் நோக்கில் அது பாக் விரிகுடாவுக்கும் மன்னார் வளைகுடாவுக்கும் நடுவிலுள்ள விளிம்பு. பாக் நீரிணை என்ற பெயர் கண்டிப்பாகப் பொருந்துவது யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரைக்கும் கோடிக்கரைக்கும் இடைப்பட்ட நீருக்குத்தான். (அந்தப் பெயருக்குரிய ராபர்ட் பாக் 1763 முதல் 1767 வரை சென்னையில் ஆளுநராக இருந்தவர். நம் கடலுக்கு அவர் பெயர் எப்படி இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது தனிக் கதை.) அதாவது, பெயருக்கு உரிய நீரிணையை நீந்திக் கடந்தவர் நவரத்தினசாமி. பெயரைப் பெற்றவர்கள் பின்னால் வந்தவர்கள்.

அதே வல்வெட்டித்துறையைச் சேர்ந்தவர் ஆழிக்குமரன் ஆனந்தன். 1971-இல் மன்னார்க் கரைக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே போய்த் திரும்பி, மொத்தம் 51 மணி நேரத்தில் நீந்தி முடித்தார். இருவழிப் பயணத்தில் அவரைவிட விரைந்து நீந்த, 28 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்ட இலங்கை விமானப்படை வீரர் ரோஷான் அபேசுந்தர 2021 ஏப்ரலில் வரவேண்டியிருந்தது. நடுவில் அரை நூற்றாண்டு. ஆனந்தன் 1984 ஆகஸ்டு 6 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிரிழந்தார். ஈழத்து வாசகர்களுக்கு இவை தெரிந்த செய்திகள். நம் பல்கலைக்கழகங்களின் உடற்கல்வித் துறைகளிலும் வரலாற்றுத் துறைகளிலும் எத்தனை பேருக்குத் தெரியும்? ஈரோட்டில் பிறந்த குற்றாலீசுவரன் 12 வயதில் 1994-இல் பாக் கடலைக் கடந்ததை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அது நியாயம். அவருக்கு முன்னோடிகள் கடலின் மறுகரையில் இருந்தார்கள் என்பதை மறந்திருக்கிறோம். இது தற்செயல் மறதியன்று. தேசிய எல்லைக்குள் மட்டும் சாதனையாளரைத் தேடும் வரலாற்றெழுத்து, கடலை இரண்டாக வெட்டிய அதே கத்தியால் நினைவையும் வெட்டுகிறது.

வல்வெட்டித்துறையிலிருந்து இருவர் ஏன்? நீச்சல் கழகமோ பயிற்சிக் குளமோ இதற்கு விடை தராது. அவ்வூர் கப்பலோட்டிகளின் ஊர். பாய்மரத் தோணிகள் தமிழகக் கரைக்கும் பர்மாவுக்கும் போய்வந்த ஊர். அவர்களுக்குக் கோடிக்கரை வெளிநாடாகத் தோன்றியிருக்காது. அக்கரையாகத் தோன்றியிருக்கும். நீந்தியது இருவர் என்றாலும், காற்றும் நீரோட்டமும் எந்த நாளில் எப்படித் திரும்பும் என்ற அறிவு ஊருக்குச் சொந்தம். அந்த ஊரின் கடல்தான் அடுத்த சில ஆண்டுகளில் ஊராருக்கே மூடப்பட்டது. போர்க்காலத்தில் யாழ்ப்பாண நாளேடுகளில் அடிக்கடி வந்த சொற்றொடர் ‘கடல் வலயத் தடை’. வல்வெட்டித்துறைக்கு மேற்கே உள்ள மயிலிட்டி மீன்பிடித் துறைமுகம் 1990 முதல் இராணுவத்தின் பிடியிலிருந்து, 2017 ஜூலையில்தான் மக்களிடம் திரும்பியது. இருபத்தேழு ஆண்டுகள் தங்கள் துறைமுகத்தைக் கண்ணால் காணாமல் வாழ்ந்த கடலோடிகளின் கடலை எந்த அகராதியை வைத்துத் திறந்த நீர் என்று அழைப்பது?

இந்தப் பக்கத்தைப் பார்ப்போம். 1974 ஜூன் மாத ஒப்பந்தம் பாக் விரிகுடாவில் கோடு கிழித்தது. கச்சத்தீவு கோட்டின் அப்பால் போனது. அந்த ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே பயண ஆவணமின்றிக் கச்சத்தீவுக்குச் செல்லலாம் என்கிறது. ஆறாம் பிரிவு இரு நாட்டுக் கலங்களும் மரபாக அனுபவித்துவந்த உரிமைகளைப் பேசுகிறது. 1976 மார்ச்சில் இரு நாட்டுச் செயலர்கள் பரிமாறிக்கொண்ட கடிதங்களோ ஒருவர் நீரில் மற்றவர் மீன்பிடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டன. ஒப்பந்தத்தில் திறந்திருந்தது கடிதத்தில் மூடிற்று. அதன் விளைவை ஒன்றிய வெளியுறவு அமைச்சரே 2024 ஏப்ரல் 1 அன்று செய்தியாளர்களிடம் எண்ணில் சொன்னார்: 20 ஆண்டுகளில் 6,184 இந்திய மீனவர்கள் இலங்கையால் தடுத்துவைக்கப்பட்டார்கள், 1,175 படகுகள் பறிமுதல் செய்யப்பட்டன.

இப்போது நீச்சல் வீரரின் பயணத்தை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். அவர் படகில் தலைமன்னாருக்குப் போகிறார். இரு நாட்டு வெளியுறவு, பாதுகாப்புத் துறைகளும் முன்கூட்டியே அனுமதி தந்திருக்கின்றன. எல்லைக்கோடு வரை ஒரு நாட்டின் கடற்படை, கோட்டுக்கு இப்பால் மற்றொரு நாட்டின் கடலோரக் காவல்படை. மருத்துவர், மீட்பர், கண்காணிப்பாளர் உடன் வருகிறார்கள். அதே நீர், அதே கோடு, அதே மாதம். ஓர் உடல் கோட்டைக் கடந்தால் மாலை. மற்றோர் உடல் கடந்தால் விலங்கு. வேறுபாடு எங்கே இருக்கிறது என்றால், முதல் உடல் அக்கடலில் எதையும் கேட்பதில்லை. மீன் கேட்பதில்லை, பங்கு கேட்பதில்லை, மரபுரிமை பேசுவதில்லை. நீந்திவிட்டு விமானம் ஏறிப் போய்விடுகிறது. அரசுகள் விரும்பும் கடல் உறவு அதுதான்: கடலைத் தொட்டும் தொடாமலும் போகிற உடல்.

இங்கே ஓர் எதிர்வாதம் வரும், வர வேண்டும். ‘உங்கள் மீனவர் ஒன்றும் அப்பாவிகள் அல்லர்; இழுவைமடிப் படகுகளோடு போய் வடக்கு மாகாணத் தமிழ் மீனவரின் வலைகளை அறுக்கிறார்கள்; கடலடியைச் சுரண்டி எடுக்கிறார்கள்’ என்பார்கள். உண்மை. போர் முடிந்து சிறு படகோடும் சில வலைகளோடும் மீண்டும் கடலுக்கு வந்த மன்னார், யாழ்ப்பாண மீனவருக்கு ராமேசுவரத்து இழுவைப்படகு எதிரியாகவே தெரிகிறது. இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டப்படி தடைசெய்தது. தமிழ் அடையாளத்தின் பெயரால் இந்த அநீதியை மூடிப் பேசும் தமிழ்நாட்டு மேடைகளோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் இழுவைமடி எங்கிருந்து வந்தது? அது மீனவர் கண்டுபிடித்த பேராசை அன்று. 1953-இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டம் இயந்திரப் படகையும் இழுவைமடியையும் நம் கரைகளுக்கு வளர்ச்சி என்ற பெயரில் கொண்டுவந்தது. ஏற்றுமதி இறால் அதற்கு எரிபொருளானது. அந்த வளர்ச்சிக்கு எதிராக முதலில் போராடியவர்களில் எங்கள் திருவனந்தபுரம் கரையின் கட்டுமரக்காரர்கள் இருந்தார்கள். அவர்களும் கேரளத்தின் மற்ற மரபுசார் மீனவரும் நடத்திய நீண்ட போராட்டத்தின் பின்னரே 1988-இல் கேரளத்தில் மழைக்கால இழுவைத் தடை வந்தது. கடலைக் காப்பாற்றக் கடலோடிகளுக்குத் தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அரசு ஊட்டி வளர்த்த தொழில்நுட்பத்தின் பழியை மீனவர்மேல் சுமத்திவிட்டு, வெறுமையான கடலில் நீச்சல் விழா நடத்துவது எனக்குக் கூசுகிறது.

கரையைவிட்டுக் கடலுக்குள் போவோம். பாம்பன் தீவில் ஏற்கெனவே திறந்தநீர் நீச்சல் நடந்துகொண்டிருக்கிறது. ஆண்டுக்கொரு முறையன்று, மாதத்தில் ஏறத்தாழ 12 நாள். நீந்துகிறவர்கள் பெண்கள். சின்னப்பாலம் முதலிய ஊர்களிலிருந்து அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் படகில் தீவுகளுக்கு அருகே சென்று, மூழ்கி, பாறைகளிலிருந்து மரிக்கொழுந்து என்று அவர்கள் அழைக்கும் கடற்பாசியைப் பறிக்கிறார்கள். சேலைக்கு மேல் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி, காலில் ரப்பர்ச் செருப்பு, இடுப்பில் வலைப்பை. மூழ்கி எழும் ஒவ்வொரு முறையும் மூச்சடக்கல். மணிக்கணக்கில் இது தொடர்கிறது. அவர்கள் பறிக்கும் பாசி அகர் ஆகிறது, ஆல்ஜினேட் ஆகிறது. நம் ஆய்வகங்களின் கண்ணாடித் தட்டுகளில் நுண்ணுயிர் வளர்க்கும் ஊடகமாகிறது. உயிரியல் துறை நண்பர்கள் கவனிக்க.

அவர்களுடைய 12 நாள் கணக்கு அரசு விதித்ததன்று. பாசி மீண்டும் தழைக்க வேண்டும் என்று அப்பெண்கள் தாங்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. மீன் இனப்பெருக்கக் காலத்திலும் அவர்கள் இறங்குவதில்லை. இதற்காகக் குரல் கொடுத்த சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீக்காலஜி விருது கிடைத்தது. தீவுப் பகுதிகளின் சூழலைக் காப்போருக்கு உலக அளவில் வழங்கப்படும் விருது அது.

அப்பெண்களுக்குக் கடல் திறந்திருக்கிறதா? 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த நீரும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பாட்டிமார் மூழ்கிய இடத்தில் பேத்திமார் மூழ்கினால் அது அத்துமீறல். பிடிபட்டால் அபராதம், பாசி பறிமுதல், படகுக்குச் சிக்கல். பவளப்பாறைகளைக் காக்க இது தேவை என்பார்கள். பவளப்பாறைகளைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் அவற்றை அழித்தவர் யார்? சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல பத்தாண்டுகள் பவளப்பாறைகள் வெட்டி எடுக்கப்பட்டன. 21 தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கிப் போனதற்கு அதுவே முதன்மைக் காரணமாகச் சொல்லப்படுகிறது. பின்னர் பெப்சிகோ நிறுவனத்தின் முன்னெடுப்பில் கப்பாஃபைகஸ் என்ற அயல்நாட்டுப் பாசி பாக் விரிகுடாவில் வளர்க்கப்பட்டது. 2008-இல் அது குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்கள்மேல் படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். கையால் மரிக்கொழுந்து பறித்த பெண் குற்றவாளி. வணிகப் பாசியைக் கடலில் இறக்கிய திட்டம் வாழ்வாதார மேம்பாடு. இந்த அளவுகோலைத் தூக்கிக்கொண்டுதான் இனி நீச்சல் விழாவுக்கும் ‘சூழலுக்கு இசைந்தது’ என்று சான்றிதழ் வழங்கப்போகிறார்கள்.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு சொல். 2010 அக்டோபர் 23 அன்று ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் நடந்த 10 கிலோமீட்டர் கடல் நீச்சல் போட்டியில் அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பன் இறந்தார். வெதுவெதுப்பான நீரில் உடல் கடும் உழைப்பின் வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் தவிக்கும் என்பதை விளையாட்டு உலகம் அதிர்ச்சியோடு விவாதித்தது. இன்று உலக நீர் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிப்படி திறந்தநீர்ப் போட்டிக்கு நீரின் வெப்பநிலை 16 பாகை செல்சியசுக்குக் குறையவும் கூடாது, 31 பாகைக்கு மேற்படவும் கூடாது. நல்ல விதி. மன்னார் வளைகுடாவில் கோடையில் கடல் அந்த வரம்பை எட்டுவதும் தாண்டுவதும் உண்டு. 2010-இலும் 2016-இலும் பவளங்கள் வெளுத்தது அதனால்தான். நீச்சல் வீரரின் உடலுக்கு 31 பாகையில் போட்டி நிற்கும். பாசி எடுக்கும் பெண்ணின் உடலுக்கு எந்தப் பாகையில் வேலை நிற்கும்? அந்தக் கேள்வியைக் கேட்டுத் தொழிலாளர் நலச் சட்டம் எதுவும் வெப்பமானியோடு அக்கடலில் இறங்கியதாக நான் அறியேன்.

இந்தப் பார்வைக்குறை புதியதன்று. முத்துக்குளிப்பின் காலத்தை நினைத்துப் பாருங்கள். தூத்துக்குடிப் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் மன்னார்க் கரைக்கு வந்து மூழ்கினார்கள். 1905-இல் மரிச்சுக்கட்டியில் ஒரே பருவத்தில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு மூழ்கியவருக்கும் படகுக்கும். காலில் கல்லைக் கட்டி இறங்கிய அந்த உடல்களைப் பார்க்க ஐரோப்பியர் வந்தார்கள். மூச்சடக்கும் நொடிகளை எண்ணிக் குறித்து வைத்தார்கள். மூழ்குவோரைச் சுறாவிடமிருந்து காக்க மந்திரம் ஓதிய கடல்கட்டியைப் பற்றி ஏளனமாகவும் எழுதிவைத்தார்கள். அந்த நொடிகள் எதுவும் விளையாட்டுப் பதிவேட்டில் ஏறவில்லை. உழைப்பு என்று வகைப்படுத்தப்பட்டதும் உடலின் திறமை திறமையாகத் தெரியாமல் போகிறது. அதே மூச்சடக்கலை ஓய்வுநேரமும் பணமும் உள்ளவர் செய்தால் அதற்குக் கழகம் உண்டு, பதக்கம் உண்டு, உலகச் சாம்பியன் பட்டம் உண்டு.

சாதியைச் சொல்லாமல் நீரைப் பற்றிப் பேச முடியாது. நம் நாட்டில் நீச்சல் கற்ற இடம் குளம். எந்தக் குளத்தில் யார் இறங்கலாம் என்பதைச் சாதி முடிவுசெய்தது. 1927-இல் மகாட் சவுதார் குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிக்க அம்பேத்கர் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. எங்கள் நெய்யாற்றிலும் ஒரு கதை உண்டு. அருவிப்புறத்தில் 1888 சிவராத்திரி இரவில் நாராயண குரு ஆற்றின் சங்கரன்குழி என்ற ஆழத்தில் மூழ்கி ஒரு கல்லை எடுத்துவந்து சிவனாக நிறுவினார் என்பது மரபு. நூல்கள் அந்த நிறுவலைப் பற்றிப் பேசும் அளவுக்கு அந்த மூழ்கலைப் பற்றிப் பேசுவதில்லை. கோயிலுக்குள் விடப்படாத மக்களின் தெய்வம் ஆற்றின் அடியிலிருந்து வந்தது. நீர் திறந்திருந்த ஒரு சில இடங்களில் ஒன்றிலிருந்து வந்தது. இந்த வரலாறுள்ள கரையில் வாழ்ந்துகொண்டு, நீர் யாருக்கும் பொது என்று விளம்பர வாசகத்தை அப்படியே விழுங்குவது கடினம்.

எல்லை என்பதும் எங்களுக்கு ஏட்டுச் செய்தியன்று. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், அகத்தீசுவரம், தோவாளை வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கடற்கரையில் அந்தக் கோடு பொழியூருக்கும் நீரோடிக்கும் இடையே இறங்குகிறது. இரு ஊர்களிலும் ஒரே கரைமடி, ஒரே வழிபாடு, ஒரே கொள்வினை கொடுப்பினை. 2017 நவம்பர் இறுதியில் ஓகி புயல் அடித்தபோது அந்தக் கோட்டின் இருபுறத்து ஆண்களும் ஒரே கடலில் கவிழ்ந்த படகுகளைப் பற்றிக்கொண்டு நாள்கணக்கில் மிதந்தார்கள். அவர்களுக்குத் துணைப்படகு இல்லை, மருத்துவர் இல்லை. எத்தனை மணி நேரம் நீந்தினார்கள் என்று எண்ண அதிகாரப்பூர்வக் கண்காணிப்பாளரும் இல்லை. கரையில் நின்ற பெண்கள் இரு மாநில அலுவலகங்களுக்கும் மாறிமாறி அலைந்தார்கள். மறு ஆண்டு கேரளப் பெருவெள்ளத்தில் அதே கரையோரத்து மீனவர் தங்கள் படகுகளைச் சரக்குந்துகளில் ஏற்றிச் சென்று உள்நாட்டு மக்களை மீட்டார்கள். அரசு அவர்களைக் கேரளத்தின் சொந்தப் படை என்று புகழ்ந்தது. புகழ்ச்சி குறைவில்லாமல் கிடைக்கிறது, கரை கிடைப்பதில்லை. விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு எதிராக 2022-இல் அவர்கள் மாதக்கணக்கில் போராடியது எதற்கென்று மறந்துவிட்டோமா?

‘விளையாட்டை விளையாட்டாக விடுங்கள், எல்லாவற்றிலும் அரசியலைப் புகுத்தாதீர்கள்’ என்று பின்னூட்டம் வரும் என்பது தெரியும். நீரைத் திறப்பது அரசியல் முடிவு என்பதைப் பாரிஸ் நகரம் அண்மையில்தான் காட்டியது. 1923 முதல் நீந்தத் தடைசெய்யப்பட்டிருந்த சேன் ஆற்றை, 2024 ஒலிம்பிக்கை முன்னிட்டு ஏறத்தாழ 140 கோடி யூரோ செலவிட்டுத் தூய்மைப்படுத்தினார்கள். செலவு சரியா, ஆறு முழுமையாகத் தூய்மையானதா என்று ஆயிரம் விவாதம் உண்டு. ஆனால் 2025 ஜூலையில் மூன்று இடங்களில் பொதுமக்கள் இலவசமாக இறங்கினார்கள். விழா முடிந்த பின்னும் ஊராருக்கு ஆறு மிஞ்சியது. பாம்பன் தீவில் விழா முடிந்த பின் ஊராருக்கு எது மிஞ்சும்? நெகிழிக் குப்பியும் விடுதிக்கு விற்ற நிலமும் என்று நான் ஊகிப்பது மிகையாக இருக்கலாம். இல்லை என்று காட்டும் திட்டம் எதையும் இதுவரை விழாக் கோருவோர் முன்வைக்கவில்லை.

விழா நடத்தியே ஆக வேண்டும் என்றால், நிபந்தனைகளைக் கடலில் ஏற்கெனவே நீந்துகிறவர்கள் சொல்லட்டும். வழிகாட்டிப் படகுகள் உள்ளூர் மீனவரின் படகுகளாக, கூலி எழுத்தில் ஒப்பந்தமாக இருக்கட்டும். மீட்பர்களாகப் பாசி எடுக்கும் பெண்களை அமர்த்துங்கள். அந்த நீரோட்டத்தை அவர்களைவிட அறிந்தவர் யார்? இந்தியாவில் ஆண்டுதோறும் 36,000-க்கும் மேற்பட்டோர் நீரில் மூழ்கி இறப்பதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் சொல்கின்றன. நீச்சல் கற்பிக்க ஆளில்லை என்று புலம்பும் அரசுகள், தாயிடமிருந்து நீச்சல் கற்று மகளுக்குக் கற்பிக்கும் ஒரு சமூகத்தை ஆசிரியர்களாக நினைத்துப் பார்த்ததே இல்லை. தொடக்க விழாவில் நெய்தல் நடனம் என்று அவர்கள் பிள்ளைகளை ஆடவைப்பது எளிது. பூங்கா எல்லைக்குள் எந்த நாளில், எந்தப் பாறையில் மூழ்கலாம் என்று அவர்களோடு அமர்ந்து எழுதிக் கையொப்பமிடுவது கடினம். கடினமானதை முதலில் செய்யுங்கள். வடகரையையும் அழையுங்கள்: வல்வெட்டித்துறை, மயிலிட்டி, பேசாலை மீனவர் சங்கங்கள் அழைக்கப்படாத விழாவைப் பண்பாட்டுப் பாலம் என்று சொல்ல வேண்டாம்.

ஆய்வு மாணவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். நவரத்தினசாமியின் 1954 நீச்சலைப் பற்றி அன்றைய ஈழகேசரி, வீரகேசரி இதழ்களிலும் தமிழகத்து நாளேடுகளிலும் வந்த செய்திகளைத் தொகுக்க விரும்புகிறேன். கோடிக்கரையில் அவர் ஏறியபோது வரவேற்றவர்கள் யார், அவருக்கு யாரிடமிருந்தாவது பயண ஆவணம் கேட்கப்பட்டதா, திரும்பிச் சென்றது எவ்வழி என்பவை எனக்கு முதன்மையான கேள்விகள். வேதாரணியம், கோடியக்கரைப் பகுதிகளில் இதை நினைவுகூரும் முதியவர்கள் இருந்தால் அவர்களோடு பேசிப் பதிவுசெய்யுங்கள். பாம்பன் பெண்கள் பாசி எடுக்கும் பாறைகளுக்கும் நீரோட்டங்களுக்கும் வழங்கும் பெயர்களை யாரேனும் திரட்டியிருந்தால் அதையும் அனுப்புங்கள். உட்பெட்டியில் எழுதலாம், படிகளுக்கான செலவை ஏற்றுக்கொள்கிறேன். அடுத்த பங்குனிக்குள் கையில் கிடைத்ததை இங்கேயே வெளியிடுவேன்.